கட்டிலோடு கிடந்தாலும் இங்கேயே இருக்கலாமா?

"இனி வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நாளில்தான் பல குடும்பங்களில் அந்தக் கேள்வி முதன்முதலாக எழுகிறது: எந்த வீட்டுக்கு?

இடுப்பெலும்பு முறிந்து எங்களிடம் அறுவை சிகிச்சை பெற்ற 78 வயது மூதாட்டி ஒருவரை நாங்கள் மறக்கவில்லை. கணவர் இல்லை. மகன் வளைகுடா நாட்டில், மகள் பெங்களூரில். அவர் 40 ஆண்டுகள் வாழ்ந்த வீடு முதல் மாடியில் இருந்தது, மின்தூக்கி கிடையாது. படியேறக் கூடாது என்று நாங்கள் சொன்னபோது, மகனும் மகளும் மூன்றே நாள்களில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடற்கரையோரத்தில் முதியோருக்கெனக் கட்டப்பட்ட ஒரு குடியிருப்பில் வீடு பார்த்தார்கள். விளம்பரப் புத்தகத்தில் நீச்சல் குளம் இருந்தது, நூலகம் இருந்தது, தென்னை மரங்களுக்கு இடையே கடல் தெரிந்தது. முன்வைப்புத் தொகை கட்டப்பட்டது. அம்மா அங்கே சென்றார்.

ஐந்தாம் மாதம் அவர் மீண்டும் எங்களிடம் வந்தார். இம்முறை லேசான பக்கவாதம். பிழைத்துக்கொண்டார், ஆனால் குளிக்கவும் உடுத்தவும் இன்னொருவர் கை தேவைப்பட்டது. குடியிருப்பு நிருவாகம் ஒப்பந்தத்தின் ஒரு வரியைச் சுட்டிக்காட்டியது: தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாதவர் அங்கே தொடர்ந்து தங்க இயலாது. அந்த வரி முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. கையெழுத்திட்டவர் எவரும் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும், படியேற முடியாத அம்மாவுக்கு அது ஒருநாள் பொருந்தும் என்று எண்ணியிருப்பார்களா என்பது ஐயமே.

அந்த நிருவாகத்தை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் விற்றது ஒரு வகை வாழ்வு. குடும்பம் வாங்க நினைத்தது இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவமனைப் படுக்கையருகே நின்றுகொண்டு மூன்று நாள்களில் அறிந்துகொள்ள எவராலும் இயலாது. ஆகவேதான், உடல்நலம் ஓரளவு சீராக இருக்கும்போதே நீங்கள் படித்து வைத்துக்கொள்ளும்படி இதை எழுதுகிறோம்.

செங்கல்பட்டிலும் கடற்கரையிலும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. இந்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு 2021-க்கு 13.6 விழுக்காடு என்றும் 2031-க்கு 18.2 விழுக்காடு என்றும் மதிப்பிட்டுள்ளது. அதாவது, இன்னும் சில ஆண்டுகளில் நம் தெருவில் நடப்பவர்களில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் முதியவராக இருப்பார். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பார்கள். முதியோருக்கான குடியிருப்புகள் பெருகுவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இந்த வகைக் குடியிருப்புகளுக்கு முதலில் பெயர் பெற்றது கோயம்புத்தூர்ப் பக்கம். சென்னையை ஒட்டிய பகுதியில் அவை இரண்டு வழிகளில் பரவின. ஒன்று ஜி.எஸ்.டி. சாலை: வண்டலூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு. மற்றொன்று கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதன் உள்பகுதிகளும்: முட்டுக்காடு, கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம். முதல் வழியில் புறநகர் மின்ரயில் உண்டு, பேருந்து உண்டு, கடைத்தெரு அருகில் உண்டு. இரண்டாவது வழியில் காற்று உண்டு, அமைதி உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவதை விரும்புகிறார்கள். அங்கே போய் வாழ வேண்டியவர்களோ, எங்களிடம் பேசும்போது, நடந்து செல்லும் தூரத்தில் ஒரு கோயிலோ மாதா கோயிலோ பள்ளிவாசலோ, ஒரு காய்கறிக் கடையோ இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

மறைமலை நகரில் ஆஷியானா நிறுவனத்தின் சுபம் குடியிருப்பு இருக்கிறது. 55 வயதைத் தாண்டியோரை மனத்தில் வைத்து வீடுகளை விற்கும் வகையைச் சேர்ந்தது அது. மறுமுனையில், சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-இல் தொடங்கிய 'விச்ராந்தி' இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலவாக்கத்தில், ஆதரவற்ற மூதாட்டியரைக் கட்டணமின்றிப் பேணிய இல்லம். இன்னும் தெற்கே, 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்ப் பகுதியில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில், ஆதரவிழந்த முதியவர்கள் ஒரு சிற்றூர்போலச் சேர்ந்து வாழ்கிறார்கள். எதையும் பரிந்துரைப்பதற்காக இப்பெயர்களைச் சொல்லவில்லை. 'முதியோர் இல்லம்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட வாழ்வுகள் அடங்கியுள்ளன என்று காட்டுவதற்கே.

எந்த வகை, யாருக்கு

முதலாவது, தனித்து வாழ்வோருக்கான குடியிருப்பு. உங்களுக்கெனத் தனி வீடு, தனிச் சாவி. சமையலறையும் பெரும்பாலும் இருக்கும். பொது உணவுக்கூடத்திலும் சாப்பிடலாம். துப்புரவு, காவல், பழுது பார்த்தல், அவசர மணி ஆகியவை நிருவாகத்தின் பொறுப்பு. 65, 70 வயதில் நடமாட்டம் நன்றாக இருக்கும் கணவன் மனைவிக்கு இது நல்ல வாழ்வு. ஆனால் இதில் செவிலியர் பராமரிப்பு என்பது பெரும்பாலும் முதலுதவி அளவிலேயே நிற்கும். எங்கள் மூதாட்டி சென்று சேர்ந்தது இங்கேதான்.

இரண்டாவது, உதவியுடன் வாழும் இல்லம். குளிப்பாட்டவும், மருந்தை நேரத்துக்குக் கொடுக்கவும், கைபிடித்து நடத்தவும் ஆள் இருக்கும் இடம். அறை ஒன்றே இருக்கும், சமையலறை இராது. எலும்பு முறிவு, பக்கவாதம், நடுக்கவாதம் போன்றவற்றுக்குப் பின் எங்களிடமிருந்து செல்வோரில் பலருக்குத் தேவைப்படுவது இது. சில இல்லங்கள் அறுவைக்குப் பின் ஒரு மாதம், இரண்டு மாதம் மட்டும் தங்கிச் செல்லவும் இடம் தருகின்றன. குடும்பங்கள் இதை அறியாமலே இருக்கின்றன. நிரந்தர முடிவெடுக்க அவகாசம் வேண்டுவோர்க்கு இந்தக் குறுகிய காலத் தங்கல் பெரிய உதவி.

மூன்றாவது, படுக்கையிலேயே இருப்போருக்கான செவிலியர் பராமரிப்பு. உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண் பராமரிப்பு ஆகியவை இங்கே வரும். மருத்துவமனையும் அல்லாத, வீடும் அல்லாத இடைநிலை இது.

நினைவு தேய்ந்துவரும் நோயுற்றவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எந்த வகையும் அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. வெளிக்கதவு எந்நேரமும் திறந்திருக்கும் அழகிய தோட்டக் குடியிருப்பு, வழி மறந்து நடந்துவிடும் ஒருவருக்கு ஆபத்தான இடம்; கடல் அருகில் இருந்தால் இன்னும் ஆபத்து. அதற்கெனப் பயிற்சி பெற்ற பணியாளரும், சுற்றிச் சுற்றி நடந்தாலும் வெளியே போய்விடாத அமைப்பும் உள்ள இல்லத்தையே தேட வேண்டும். "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி" என்று மட்டும் சொல்லிச் சேர்த்துவிட்டு, உண்மையை நிருவாகத்திடம் மறைத்த குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மறைத்த நோயால் துன்பப்படுவது அவர்தான்.

கடைசியாக, கட்டணமில்லா இல்லங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, ஒவ்வொரு மாவட்டத்திலும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கும் இல்லம் ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அரசு உதவியோடும் அறக்கட்டளைகளாலும் நடத்தப்படும் இல்லங்களைப் பற்றி மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறியலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் கட்டணமின்றி வழிகாட்டும்.

ஒரே வளாகத்தில் முதல் மூன்று வகையும் அமைந்திருப்பதே மிகச் சிறந்தது என்பது எங்கள் கருத்து. அப்படிப்பட்டவை சிலவே. ஆனாலும் கேட்டுப் பார்க்கத் தவறாதீர்கள். இன்று நடக்கிறவர் நாளை ஊன்றுகோல் பிடிப்பார். மறுநாள் சக்கர நாற்காலியில் அமர்வார். ஒவ்வொரு முறையும் ஊரையும் ஆள்களையும் மாற்றிக்கொள்வது 80 வயதில் எளிதல்ல. இடம் மாறிய முதல் சில வாரங்களில் முதியோருக்குக் குழப்பம், உறக்கமின்மை, பசியின்மை, தடுமாறி விழுதல் ஆகியவை கூடுவதை நாங்கள் மீண்டும் மீண்டும் காண்கிறோம்.

நீச்சல் குளமும் குளியலறையும்

நீச்சல் குளத்தின்மேல் எங்களுக்குப் பகையில்லை. மூட்டுத் தேய்வு உள்ளவர்க்கு நீரில் நடப்பது நல்ல பயிற்சிதான். அருகில் கண்காணிப்பாளர் இருந்தால். ஆனால் வீடு பார்க்கப் போகும்போது முதலில் குளத்தைப் பார்க்காதீர்கள். குளியலறைக்குள் செல்லுங்கள்.

தரையில் நீரை ஊற்றச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். வாசலில் படியோ மேடோ உண்டா? கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா? உள்ளே ஒருவர் விழுந்து கதவை மறித்துக் கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவை எவராலும் தள்ள இயலாது. கதவின் அகலம் சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு, ஏறத்தாழ 90 சென்டிமீட்டர், இருக்கிறதா? கழிப்பறைக்கு இருபுறமும் கைப்பிடி உண்டா? அந்தக் கைப்பிடியைப் பிடித்து உங்கள் முழு எடையையும் கொடுத்துப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் சாதாரண இரும்பு சில ஆண்டுகளில் துருவேறி, சுவரில் பதித்த திருகாணிகள் இற்றுப்போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு வைத்திருப்போர்க்கு இது புதிய செய்தியன்று. சன்னல் கம்பியிலேயே அதைப் பார்த்திருப்பார்கள். கைப்பிடிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் எவரேனும் அவற்றைச் சோதிக்கவும் வேண்டும்.

அவசர மணியின் கயிறு தரையில் கிடப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். நின்றால் மட்டுமே எட்டும் மணியால் விழுந்தவருக்குப் பயனில்லை. அதை ஒருமுறை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார்? நிருவாகி முகம் சுளித்தால் அதுவும் ஒரு விடைதான்.

மின்தூக்கியில் படுத்த நிலையில் ஒருவரை ஏற்றிச் செல்ல இடமுண்டா என்று பாருங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு உண்டா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? கடலோரக் கிணறுகளில் உப்பேறிய நீர் பொதுவானது. லாரித் தண்ணீரை நம்பியுள்ள வளாகங்களும் உண்டு.

உணவைப் பற்றி ஒரு சொல். ருசியைக் கேட்பது போலவே நேரத்தையும் கேளுங்கள். பணியாளர் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக மாலை ஆறரை மணிக்கே இரவு உணவை முடித்துவிடும் இடங்கள் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஆறரைக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எட்டு மணிவரை வெறும் வயிற்றோடு இருந்தால், பின்னிரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். படுக்கைக்குப் போகுமுன் ஒரு குவளைப் பாலும் இரண்டு ரொட்டித் துண்டும் கிடைக்குமா என்று கேட்பது சிறிய கேள்விபோலத் தோன்றும். சிறியதன்று. உப்பைக் குறைக்க வேண்டியவர், புளிப்பில்லாத சாம்பார் கேட்பவர், பல்லில்லாதவர் எனத் தனித்தனியாகச் சமைக்க ஏற்பாடு உண்டா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஒருவேளை அங்கே பொதுப்பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுப் பார்ப்பது எல்லா விளம்பரத்தையும்விட மேலானது. அருகில் அமர்ந்து சாப்பிடுகிறவர்களே உண்மையைச் சொல்வார்கள்.

இரவு இரண்டு மணி

பகலில் எல்லாக் குடியிருப்புகளும் நன்றாகவே இருக்கின்றன. வரவேற்பறையில் பூ இருக்கும், செவிலியர் மேசையில் ஆள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு வளாகத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. பயிற்சி பெற்ற செவிலியரா, காவலாளி மட்டுமா? ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அவர் முதலில் யாரை அழைப்பார்? வளாகத்துக்கென ஆம்புலன்ஸ் உண்டா? உண்டென்றால் அதன் ஓட்டுநர் இரவில் அங்கேயே தங்குகிறாரா? 108 ஆம்புலன்ஸ் வந்து சேரவும், திரும்பிச் செல்லவும் ஆகும் நேரத்தையும் கணக்கிட வேண்டும்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குத் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1965-இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் அரசு மருத்துவமனை இங்கே உள்ளது. வடக்கே கேளம்பாக்கம், மேற்கே காட்டாங்குளத்தூர் ஆகிய இடங்களிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆக, இப்பகுதி மருத்துவ வசதியற்றதன்று. ஆயினும், இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். விழுந்தவரைக் கண்டுபிடிக்கும் நேரம், முடிவெடுக்கும் நேரம், வண்டி வரும் நேரம், பயண நேரம், ஸ்கேன் நேரம் ஆகிய யாவும் அந்த நாலரை மணிக்குள் அடங்க வேண்டும். காலையில் எழாதவரை ஒன்பது மணிக்குத்தான் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள் என்றால், கடிகாரம் அதற்கு முன்பே ஓடித் தீர்ந்திருக்கும். ஆகையால் தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் 'எழுந்துவிட்டேன்' என்று அறியும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் காலைக் காப்பி கொண்டு வருபவரே அந்த வேலையைச் செய்துவிடுகிறார்.

ஒரு ஞாயிறு மாலை அந்த வளாகத்திலிருந்து நீங்கள் நம்பும் மருத்துவமனைக்கு வண்டியை ஓட்டிப் பாருங்கள். விடுமுறை நாள் மாலையில் சென்னை திரும்பும் வண்டிகளால் கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படி இருக்கும் என்பதை அங்கே வாழ்வோரிடம் கேட்க வேண்டியதில்லை. ஒருமுறை சென்றாலே போதும்.

புயலையும் நினைக்க வேண்டும். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகில்தான். மரங்கள் சாய்ந்தன, மின்சாரம் நின்றது. அப்படிப்பட்ட இரவில் மின்னாக்கி எத்தனை மணி நேரம் ஓடும்? அது பொது விளக்குகளுக்கு மட்டுமா, மின்தூக்கிக்கும் உங்கள் அறைக்குமா? ஆக்சிஜன் செறிவூட்டியோ உறக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவியோ வைத்திருப்பவர், குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் சேமித்திருப்பவர் ஆகியோர்க்கு இது உயிர்க் கேள்வி.

எழுதப்பட்டிருப்பது என்ன

பணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தப் பணம் எப்போது திரும்பும் என்று கேட்பவர் குறைவு. வீட்டை விலைக்கு வாங்குவது ஒரு முறை. நீண்ட காலக் குத்தகை இன்னொன்று. திரும்பப் பெறத்தக்க வைப்புத் தொகை கட்டிவிட்டு மாதக் கட்டணத்தில் வாழ்வது மற்றொன்று. வெறும் மாதக் கட்டணம் வேறு. விலைக்கு வாங்கினாலும் மாதப் பராமரிப்புக் கட்டணம் வாழ்நாள் முழுதும் உண்டு. அது ஆண்டுக்கு எவ்வளவு உயரலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். ஓய்வூதியம் உயரும் வேகத்தைவிட அது வேகமாக உயர்ந்தால், பத்தாம் ஆண்டில் என்ன ஆகும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அறக்கட்டளையாகப் பதிவு பெற்ற இல்லங்கள் 60 வயது கடந்தோரிடம் மாதம் ரூ.25,000 வரை பெறும் தங்கல், உணவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, பட்டியலில் வரி சேர்க்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு இதற்கு உதவுமா என்று கேட்கிறார்கள். 2024 அக்டோபரில், 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை விரிவுபடுத்தப்பட்டது. நல்ல செய்தி, ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கோ, உடனிருந்து கவனிக்கும் பணியாளர் ஊதியத்துக்கோ அது வராது.

வீடு வாங்குவோர்க்கு 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் காவல் உண்டு. திட்டம் தமிழ்நாடு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யுமுன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் சுவரைக் காக்கும், செவிலியரைக் காக்காது. கட்டியவர் ஒருவர், சேவை நடத்துபவர் வேறொருவர் என்பது இத்துறையில் வழக்கம். நடத்துபவர் விலகிவிட்டால் அவசர மணி யார் பொறுப்பு? இதை எண்ணியே ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகள், கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் ஆகிய மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தத்தை வலியுறுத்துகின்றன. உங்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணுங்கள்.

பிறகு, எங்கள் மூதாட்டியின் வரி. எந்த நிலை வரை இங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? வெளியேறச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம்? வைப்புத் தொகை எத்தனை நாளில் திரும்பும்? கணவன் மனைவியில் ஒருவர் மறைந்தால் மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா? இருவரும் மறைந்தபின் வீடு மகனுக்குப் போனாலும், வயது நிரம்பாத அவர் அங்கே குடியிருக்க விதிகள் இடம் தருகின்றனவா, விற்கவோ வாடகைக்கு விடவோ மட்டுமா? விடைகள் வாய்மொழியாக வந்தால், "அதை எழுதித் தாருங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

பழைய வீட்டை விற்றுத்தான் புதிய இடத்துக்குப் பணம் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். முடிந்தால் ஒரு மாதம் விருந்தினராகத் தங்கிப் பார்த்தபின் விற்கலாம். சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இல்லத்துக்குச் செல்வோரும் உண்டு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அது மீறப்படும்போது 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் அந்த மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். நிபந்தனை எழுதப்படாதபோதுதான் சிக்கல். தீர்ப்பாயம் வருவாய்க் கோட்ட அலுவலர் நிலையில் செயல்படுகிறது. நம் மாவட்டத்தில் செங்கல்பட்டு, மதுராந்தகம், தாம்பரம் ஆகியவை வருவாய்க் கோட்டங்கள்.

அவர் வாயால் ஒரு சொல்

"அம்மாவைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிட்டார்கள்" என்ற பேச்சுக்கு அஞ்சியே, பொருத்தமான இடம் இருந்தும் முடிவெடுக்காத பிள்ளைகள் உண்டு. அந்தப் பேச்சைப் பற்றிக் கவலையே படாமல், கேட்காமலே முடிவெடுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. இரண்டிலும் விடுபட்டுப்போவது அம்மாவின் சொல். பேச்சு வார்ப்பறையில் இல்லாத ஒருவரைப் பற்றியதுபோல, படுக்கையில் இருப்பவரைத் தாண்டி எங்களிடம் பேசும் குடும்பங்களை வாரந்தோறும் காண்கிறோம். அவருக்குக் காது மந்தமாக இருக்கலாம், கருத்து மந்தமில்லை.

எல்லோரும் இடம் பெயர வேண்டும் என்பதும் இல்லை. தரைத்தளத்துக்கு மாறுதல், குளியலறையில் கைப்பிடி, பகலில் வந்து செல்லும் பணியாளர் ஆகியவற்றோடு பலரும் தம் வீட்டிலேயே வாழ இயலும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளும், இயன்முறைச் சிகிச்சையும், வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. பல நோய்கள் ஒருசேர உள்ள முதியோருக்குக் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உண்டு. வாசலில் கோலம் போட்டபடி, அறிந்த பால்காரரோடு பேசியபடி வாழ விரும்பும் ஒருவருக்கு, அந்த வாசலைத் தக்கவைக்க வழியுண்டா என்று முதலில் பார்ப்பதே முறை.

எங்கள் மூதாட்டிக்கு அது இயலவில்லை. பக்கவாதத்துக்குப் பின் மகளோடு மூன்று மாதம் பெங்களூரில் இருந்தார்; மொழி தெரியாத அடுக்குமாடியில் பகல் முழுதும் தனிமை. "ஊருக்கே போறேன்" என்றார். இம்முறை மகள் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு இல்லங்களைப் பார்க்கச் சென்றார். இரண்டாவது இடத்தில், நிருவாகி தோட்டத்தைக் காட்டத் தொடங்கியதும் அம்மா இடைமறித்தாராம்.

"தம்பி, நான் கட்டிலோட கிடந்துட்டா என்னை வெச்சுக்குவீங்களா?"

நிருவாகி தோட்டத்தை விட்டுவிட்டு, தரைத்தளத்தில் இருந்த ஓர் அறைக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருவர் படுத்திருந்தனர். ஒருவருக்குச் செவிலியர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமா இங்கதாம்மா இருக்காங்க" என்றார் அவர். மூதாட்டி படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். அறையின் வாடையைக் கவனித்தார். பிறகு காலைக் காப்பி எத்தனை மணிக்கு என்று கேட்டார். கடல் அங்கிருந்து தெரியாது. ரயில் சத்தம் கேட்கும். அது தமக்குப் பழகிய சத்தம்தான் என்கிறார்.

இல்லம் மாறுவதாக முடிவு செய்தவர்கள், புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது எங்கள் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, அண்மைப் பரிசோதனை முடிவுகள், அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறோம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் அதைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அவர்களை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும் என்பதை இல்லத்தின் இரவுப் பணியாளரும் அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத் தாள்களில் மருத்துவம் தொடர்பான வரிகள் புரியாவிட்டால் கையெழுத்திடும் முன் கொண்டு வாருங்கள். உடன் அமர்ந்து படிக்கிறோம். வரும்போது, அங்கே வாழப் போகிறவரையும் அழைத்து வாருங்கள்.